புள்ளி முன்னே, எழுத்து பின்னே

தமிழ்த் தட்டச்சு கற்க வருகிறவர்களை முதலில் திணறடிப்பது புள்ளிதான். கையால் எழுதும்போது எழுத்தைப் போட்டுவிட்டுத் தலையில் புள்ளி வைக்கிறோம். தட்டச்சுப் பொறியில் அது தலைகீழ். புள்ளி நகரா விசை. அதை அடித்தால் தாளைத் தாங்கும் கேரேஜ் அசையாது. ஆகவே வலது சுண்டுவிரலால் முதலில் புள்ளி, பிறகுதான் எழுத்து. 'அப்பா' என்று அடிக்க வேண்டுமானால் அ, புள்ளி, ப, ப, கால். எழுத்து வருமுன்பே அது மெய் என்று மூளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, இருநூற்றுச் சொச்சம் தமிழ் எழுத்துகளை ஆங்கிலப் பொறியின் விசைகளுக்குள் அடக்கப் பாடுபட்டவர். பொறியை ஜெர்மனியில் செய்வித்தார். நகரா விசைதான் அவருக்குக் கைகொடுத்தது. அந்த வழியில் வந்த விசைப்பலகையில்தான் எங்கள் ஊர் இன்ஸ்டிடியூட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் முதல் பாடமான 'யளனகபக' அடித்தார்கள். நான் அங்கே பயிற்றுநர்.

விசைகளைப் பார்க்காதே என்பதே எங்கள் முதல் கட்டளை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1888இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் நடந்த போட்டியில், பார்க்காமல் அடித்த ஃபிராங்க் மெக்கரின், பார்த்து அடித்த லூயி டிராபைத் தோற்கடித்தார். பிறகு அந்த முறையே எங்கும் பரவியது.

தாள் திருத்தும்போது நான் தேடியது புள்ளியைத்தான். தொடக்கநிலையான லோயர் பிள்ளைகளுக்குப் புள்ளி தாமதமாக வரும்; அடுத்த எழுத்தின் தலையில் ஏறிக்கொள்ளும். அடுத்த நிலையான ஹையர் பிள்ளைகளுக்கு அவசரப்பட்டு முந்தும். முந்தைய எழுத்தின் மேல் விழும். இரண்டும் பிழைதான், ஆனால் ஒரே பிழை அல்ல. பின்னது, சொல் முழுவதும் தலைக்குள் தயாராகிவிட்டதற்கு அடையாளம். அந்தப் பிள்ளைக்கு நான் மதிப்பெண் குறைத்தாலும் மனத்துக்குள் மகிழ்ந்திருக்கிறேன்.

கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1951இல் வெளியான கட்டுரையில், செயல்களின் வரிசை முன்கூட்டியே தலைக்குள் தயாராகிவிடுகிறது என்று வாதிட்டார். ஒரு செயல் முடிந்ததும் அதன் உணர்வு அடுத்த செயலைத் தூண்டுகிறது, எல்லாம் ஒரு சங்கிலி என்றுதான் அதுவரை பலரும் நம்பினார்கள். பியானோ வாசிப்பவரின் விரல் வேகத்துக்கு அந்த உணர்வு மூளைக்குப் போய்த் திரும்ப நேரமே இல்லை என்றார் அவர். தட்டச்சுப் பிழைகளையும் சாட்சிக்கு அழைத்தார்: இரட்டிக்க வேண்டிய எழுத்தை விட்டுப் பக்கத்து எழுத்து இரட்டிக்கிறது. 'இரட்டி' என்ற கட்டளை தனியாக, முன்கூட்டியே இருந்தால்தான் அப்படி இடம் மாறும். அவருடைய கட்டுரையைப் படித்தபோது என் சிவப்பு மைச் சுழிகளுக்கு ஒருவர் பொருள் சொன்னதுபோல் இருந்தது.

ஜப்பானில் டாஞ்சி, ஷிமா என்ற ஆய்வாளர்கள் 1994இல் குரங்குகளிடம் இந்த முன்தயாரிப்பின் வேரைக் கண்டார்கள். தள்ளு, இழு, திருப்பு என்ற மூன்று அசைவுகளைப் பல வரிசைகளில் பழக்கினார்கள். மூளையின் மேற்பகுதியில் சில செல்கள், ஒரு குறிப்பிட்ட வரிசை வரப்போகிறது என்றால் மட்டும், கை அசையுமுன்பே துடித்தன.

தமிழ்ப் புள்ளியைப் போல மூளையை முன்னோடச் சொல்லும் பயிற்சி அரிது. இன்று கணினியில் பலரும் எழுத்துக்குப் பிறகே புள்ளி வைக்கிறார்கள். வீட்டுப் பரணில் பழைய ஸ்பீடு பேப்பர் கட்டு இருந்தால், திருத்திய சிவப்பு மையோடு, எடைக்குப் போடாமல் வைத்திருங்கள். மூளையை ஆராயும் ஒருவருக்கு அது தேவைப்படும்.