சாணமும் விறகும்: வட இந்தியக் களர் நிலங்களில் மரம் வளர்த்த வரலாறு

கங்கைச் சமவெளியில் மழைக்காலம் கழிந்தபின் நிலத்தின் மேல் வெண்மையாகப் பூக்கும் உப்பை உழவர்கள் ‘ரே’ என்றனர். அந்நிலத்தை ‘ஊசர்’ என்றனர். தமிழில் இதற்கு ஈடான சொல் களர். கல்லாதவருக்கு உவமையாகத் திருக்குறள் எடுத்துக்கொண்டதும் பயன்தராத இந்நிலத்தையே. உவரும் களரும் ஒன்றல்ல என்பது இன்றைய மண்ணியலின் தெளிவு. உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுதி; நல்ல நீர் பாய்ச்சி வடித்தால் அவை நீங்கும். களரிலோ சோடியம் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுகச் செய்கிறது, நீர் உள்ளிறங்குவதில்லை. ஆகவே, வெறும் நீரால் களரைத் திருத்த இயலாது.

1854-இல் கங்கைக் கால்வாய் திறக்கப்பட்டபின் ரே பரவுவதாக எழுந்த முறையீடுகள் 1870-களின் பிற்பகுதியில் அலிகார்ப் பகுதியை மையமாகக் கொண்டு ஒரு குழு ஆராயும் அளவுக்கு வளர்ந்தன. பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளில் ஜிப்சம் களரைத் திருத்தும் என்பது தெரிந்தது. எனினும், நிலத்தின் மதிப்பை நோக்க அதன் செலவு கட்டுப்படியாகவில்லை. எளியவர் கைக்கு எட்டிய திருத்தப்பொருள் எருவே.

எரு எங்கே இருந்தது என்பதுதான் சிக்கல். இந்திய வேளாண்மையை ஆராய 1889-இல் வந்த வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893-இல் வெளியான தம் அறிக்கையில் இதனை விரிவாக எழுதினார். உழவர் சாணத்தை எரிப்பது அறியாமையால் அன்று, விறகின்மையால் என்பது அவர் முடிபு. எனவே ஊர்தோறும் விறகுக்கும் தீவனத்துக்கும் காப்புக்காடுகள் வேண்டும் என்றார். அக்காலத்து அதிகாரிகள் பலர் உழவரையே குறைகூறி வந்ததை நினைத்தால் இம்முடிபின் அருமை விளங்கும். ஆயினும், மரம் நடுவதற்கு எஞ்சிக் கிடந்தவற்றில் பெரும்பகுதி ஊசர் நிலம். அங்கு மரம் வேர்பிடிக்க எரு வேண்டும். எருவோ அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது.

இம்முட்டுக்கட்டையை நீக்கும் முயற்சிகள் விடுதலைக்குப்பின் வலுப்பெற்றன. இலக்னோவில் தேசியத் தாவரவியல் தோட்டத்தை உருவாக்கிய கைலாஸ் நாத் கௌல், 1950-களில் பந்தரா என்னுமிடத்தில் தாவரங்களையும் கரிமப் பொருள்களையும் முதன்மையாகக் கொண்டு ஊசரைத் திருத்த முற்பட்டார். 1969-இல் மத்திய மண் உவர்தன்மை ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் கர்னால் ஆய்வாளர்கள் குழித்துளை முறையை வகுத்தனர். நிலம் முழுவதையும் திருத்தாமல், துளைக்கருவியால் ஏறக்குறைய ஒரு சாண் விட்டமும் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் கொண்ட குழி தோண்டி, அம்மண்ணோடு 3 கிலோ ஜிப்சமும் 8 கிலோ தொழுவுரமும் கலந்து நிரப்பிக் கன்று நடுவது அம்முறை. எக்டருக்கு 1000 கன்றுகள் எனக் கொண்டால் தேவைப்படும் தொழுவுரம் 8 டன் மட்டுமே. ஆழத்தின் பயன் வேறொன்றும் உண்டு: அடியில் இறுகிக் கிடக்கும் சுண்ணாம்புப் படலமாகிய ‘கங்கர்’ துளைக்கப்படுவதால் வேர் கீழுள்ள ஈரத்தை எட்டுகிறது.

எரு வெறும் ஊட்டப்பொருள் அன்று. அது மட்கும்போது வெளிப்படும் கரியமில வாயுவும் கரிம அமிலங்களும் மண்ணில் முன்னரே கரையாது கிடக்கும் சுண்ணாம்பைக் கரைக்கின்றன. அதிலிருந்து விடுபடும் கால்சியம், சோடியத்தை இடம்பெயர்த்து அதனைக் கீழிறங்கும் நீரோடு வெளியேற்றுகிறது. வேரின் சுவாசமும் உதிரும் சருகும் பின்னர் இப்பணியைத் தொடர்கின்றன. அரியானாவில் சீமைக் கருவேலந் தோப்புகளை வயது வரிசையில் ஒப்பிட்டு 1998-இல் வெளியான ஆய்வு, 30 ஆண்டுத் தோப்பில் மேல்மண்ணின் காரத்தன்மை தணிந்து கரிமச்சத்து உயர்ந்திருந்ததைக் காட்டியது. குழிக்கு இட்ட எரு என்றோ தீர்ந்துபோயிருக்கும்; மரம்தான் எரு இடுவதை ஏற்றுக்கொண்டது.

அரியானாவில் மண்ணைத் திருத்திய அதே மரம் தமிழகத்தில் நீர்நிலைகளையும் தரிசுகளையும் கவர்ந்தது. 2017-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அதனை அகற்ற ஆணைகள் பிறப்பித்தது. எனவே வட இந்திய முறையைத் தமிழகக் களருக்குக் கொணர்வோர் குழியின் கலவையை ஏற்கலாம்; கன்றை அவ்வாறே ஏற்க வேண்டியதில்லை. கடுங்காரத்தைத் தாங்கிய மரங்களாகக் கர்னால் ஆய்வுகள் இனங்கண்டவற்றுள் நாட்டுக் கருவேலமும் ஒன்று.