டிஸ்ஃபோரியா

கிரேக்கத்தில் 'டிஸ்' என்றால் கடினம். 'ஃபெரெய்ன்' என்றால் சுமத்தல், தாங்குதல். இரண்டும் சேர்ந்தால் தாங்க முடியாமை. பெருங்களிப்பைக் குறிக்கும் 'யூஃபோரியா'வும் இதே வேரில் முளைத்ததுதான்.

இந்தச் சொல் இடம்பெறும் 'பிரீமென்ஸ்ட்ருவல் டிஸ்ஃபோரிக் டிஸார்டர்' என்ற நோய்ப் பெயரை 'மாதவிடாய்க்கு முந்தைய மனச்சோர்வு' என்று எழுதினால் பாதிதான் சொன்னதாகும். விலக்குக்கு முந்தைய வாரத்தில் சின்ன விஷயத்துக்கும் சீறும் கோபம், பதற்றம், சிலருக்குச் செத்துவிடலாம் என்ற எண்ணம்கூட வரும். உதிரப்போக்கு தொடங்கிய சில நாளில் எல்லாம் வடிந்துவிடும். ஹார்மோன் அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதன் ஏற்ற இறக்கத்தை மூளை எடுத்துக்கொள்ளும் விதத்தில்தான் கோளாறு என்கிறார்கள் ஆய்வாளர்கள். "தாங்கலைடி" என்று தோழியிடம் சொல்கிறாளே ஒருத்தி, அவள்தான் கிரேக்க மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் மனநோய்க் கையேட்டில் 1994இல் இந்தக் கோளாறைப் பின்னிணைப்பில்தான் வைத்தது. தனி நோயாக ஏற்க 2013 ஆனது. இந்த அறிகுறிகள் உங்களுக்கு இருந்தால், இரண்டு மாதவிடாய்ச் சுழற்சிக்குத் தினமும் மனநிலையைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள், மருந்து இருக்கிறது. தற்கொலை எண்ணம் வந்தால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.