கிரெப்பிடோமா

கிரெப்பிடோமா என்பது பண்டைய கிரேக்கக் கோயிலின் தூண்களையும் சுவர்களையும் தாங்கும் படிக்கட்டு வடிவக் கல்மேடை. டோரிக் எனும் கிரேக்கக் கட்டடப் பாணியில் பெரும்பாலும் மூன்று படிகள்; தூண்கள் நிற்கும் மேற்படி ஸ்டைலோபேட். மண்ணுக்குள் மறையும் கடைக்காலின் மேல்வரிசையான யூத்தின்டீரியா, தளமட்டத்தைச் சீராக்கும்.

ஏதென்ஸின் பார்த்தெனான் (கி.மு. 447–432) இதன் உச்சம். முன்பு தொடங்கி முடியாதுபோன கோயிலின் சுண்ணக்கல் கடைக்காலையே அது பெருமளவு பயன்படுத்திக்கொண்டது. பாறை சரியும் தென்புறத்தில் அக்கடைக்கால் ஏறத்தாழ 11 மீட்டர் ஆழம். பளிங்காலான மேற்படி, 69.5 மீட்டர் நீளமும் 30.9 மீட்டர் அகலமும் கொண்டது. பார்வைக்குத் தட்டை, அளந்தால் இல்லை. நடுப்பகுதி குறுகிய பக்கங்களில் சுமார் 6, நெடும்பக்கங்களில் சுமார் 11 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. நேர்மட்டமாக வைத்தால் நடுவில் குழிந்ததாகத் தோன்றும் என்பது ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் தந்த விளக்கம். மழைநீர் வடிவதற்கென்பது பிற்கால ஆய்வாளர் சிலரின் கருத்து, இரண்டும் பொருந்தக்கூடியவையே.

படிகள் கட்டடத்தின் அளவுக்கேற்பப் பெரிதாயின, மனிதக் காலுக்கேற்ப அல்ல. எனவே பார்த்தெனானில் இடைப்படிகளும், ஒலிம்பியாவின் சேயுஸ் கோயிலில் சாய்தளமும் அமைத்தனர்.

ரோமானியர் வேறு வழி கண்டனர்: செங்குத்துப் பக்கங்களுடைய உயர்ந்த மேடை, முன்புறம் மட்டும் படிகள். பிரான்சின் நீம் நகரிலுள்ள மேசோன் காரே என்ற ரோமானியக் கோயில் இதற்குச் சான்று.