தோள் முறிவுச் சிகிச்சையில் மரப்பு மருந்து

தோள்மூட்டை அடுத்த எலும்புகள், விசேஷமாக மேற்கை எலும்பின் தலைப்பகுதி, முறிந்தவிடத்து அவற்றைச் சீர்செய்வதற்கு நோயாளியின் பிரக்ஞையை முற்றும் போக்குதல் அவசியமன்று என்னும் உண்மை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் வைத்திய சாஸ்திரத்துக்குப் புலனாயிற்று. கழுத்துப் பகுதித் தண்டுவடத்தினின்று புறப்படும் நரம்புகள் கழுத்தின் பக்கத்திலே புயப்பின்னலாகக் கூடிக் காறையெலும்பின் கீழாகக் கைக்குச் செல்லுகின்றன. அப்பின்னலை மரக்கச்செய்தால் வலி மூளையை எட்டாது என்பதே இம்முறையின் ஆதாரம்.

1884இல் வியன்னாவில் கார்ல் கோலர், கொக்கெயின் கரைசலால் கண்ணை மரக்கச்செய்யலாம் என நிரூபித்தார். அச்செய்தி நியூயார்க்கை எட்டியதும், அறுவை வைத்தியர் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் அவருடைய சகாக்களும் அம்மருந்தை நரம்புகளிலே செலுத்திப் பரீட்சிக்கலாயினர். கழுத்தைத் திறந்து புயப்பின்னலை நேரில் கண்டு மரக்கச்செய்தவரும் ஹால்ஸ்டெட்டே. ஆனால் தம் தேகத்திலேயே பரீட்சித்த அம்மேதைகள் மருந்துக்கு அடிமையாயினர். கொக்கெயினினின்று மீளும்பொருட்டு மார்ஃபின் என்னும் மருந்தை நாடிய ஹால்ஸ்டெட், பிற்பாடு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் புகழ்பெற்ற பேராசிரியராய் விளங்கியும் அதனின்று விடுபட்டாரில்லை. வலியின்றித் தோளைச் சீர்செய்துகொள்ளும் எவரும் அவர்பால் நன்றியுடையராதல் தகும்.

அபாயம் குறைந்த நோவகெயினை 1905இல் ஹைன்ரிஹ் பிரவுன் சிகிச்சையிற் புகுத்திய பின்னரே இத்துறை விரிவடைந்தது. 1911இல் ஹிர்ஷல் அக்குள் வழியாகவும், கூலென்காம்ப் காறையெலும்பின் மேலாகவும், தோலைக் கீறாமல் ஊசியாலேயே பின்னலை அடைந்தனர். கூலென்காம்ப் முதலில் தம்மீதே அதைச் சோதித்தார். அக்குள் ஊசி முன்கைக்கு உதவுமேயன்றித் தோளுக்குப் பயன்படாது. மற்றதிலோ நுரையீரலுறை துளைபட்டுக் காற்றுப் புகும் அச்சம் இருந்தது. முறிவிடத்தில் தேங்கிய குருதியினுள்ளே மருந்தைச் செலுத்தும் எளிய முறையும் வழங்கிற்று. ஆயினும் அது மணிக்கட்டுக்கே பெரிதும் ஏற்றது.

சுவீடனில் லோஃப்கிரனும் லுண்ட்க்விஸ்டும் ஆக்கிய லிடோகெயின் என்னும் மரப்பு மருந்து 1948இல் விற்பனைக்கு வந்தது. நெடுநேரம் நிற்கும் பியூபிவகெயின் அதனைத் தொடர்ந்தது. தோளுக்கென்றே தகுந்த வழியைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கரான அலன் வின்னி. கழுத்தின் இரு ஸ்கேலின் தசைகளுக்கிடையே ஊசியைச் செலுத்தும் அவருடைய முறை 1970இல் வெளியாயிற்று. அதிற் சுண்டுவிரற்பக்கம் மரக்காது விடுபடினும், தோளுக்கு அதனால் யாதொரு குறையுமில்லை. 1994இல் வியன்னா வைத்தியர்கள் கேளா ஒலியின் பிம்பத்தால் நரம்பையும் ஊசியையும் ஒருங்கே கண்டு மருந்தைச் செலுத்திக் காட்டினர். ஊகத்தினிடத்தில் காட்சியை அமர்த்திய இம்மாறுதலே இவ்வரலாற்றின் ஆகச் சிறந்த முன்னேற்றம்.

எனினும், வின்னி முறையில் உதரவிதானத்தை இயக்கும் நரம்பும் அப்பக்கத்தில் பெரும்பாலும் தற்காலிகமாகச் செயலிழப்பதால், நுரையீரல் நோய் முற்றியவர்க்கு அதைத் தவிர்த்து, தோள்பட்டை எலும்பின் மேலாகச் செல்லும் நரம்பை மட்டும் மரக்கச்செய்வதும் உண்டு.