தில்லையிற் கண்ட இரு கல்விச்சாலைகள்

அயலாட்சி நீங்கியும் அதன் பிடி நம் கல்வியினின்று நீங்கிற்றில்லை என்பது இந்நாட் கல்வித்துறையார் நிகழ்த்தும் பெருவாதங்களுள் ஒன்று. கென்னியநாட்டுக் கூகி வா தியாங்கோ முதலியோர், நைரோபிப் பல்கலைக்கழகத்து ஆங்கில இலக்கியத்துறையை ஒழித்து ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுநிறுத்தல் வேண்டுமென 1968இல் வழக்காடியதை இதற்கு முன்னோடியாகக் காட்டுவர். அதற்கு நூறாண்டின் முன்னரே இவ்வழக்கு நம் சிதம்பரத்தில் எழுந்ததென்க.

நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) பார்சிவல் பாதிரியாரின் வெசுலியன் பள்ளியிற் பயின்று, ஆண்டே ஆசிரியராய் அமர்ந்து, விவிலிய மொழிபெயர்ப்பிலும் துணைநின்றவர். 1848இல் வண்ணார்பண்ணையிலும், 1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். பாதிரிமார் பள்ளியின் பொருளை விலக்கினாரேயன்றி அதன் வடிவை அவர் விலக்கினாரல்லர். வகுப்புமுறை, படிமுறைப் பாலபாடம், அச்சுநூல் ஆகியன அங்குக் கண்டு கைக்கொண்டனவே. இதுவும் அயலார்க்கு அடிமைப்பட்டமையே என்பாருளர்.

அவர் திருநாவுக்கரசர் சரிதத்தை மறந்தனர் போலும். கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூரில், பாடலிபுத்திரமென வழங்கிய சமண்பள்ளியிற் பயின்று தருமசேனராய் விளங்கியவரன்றோ பின் சைவத்திற்கு மீண்டு அரசரானார்! (அவ்வூர் ஞானியாரடிகள் ஆதரவில் 1905இல் சைவசித்தாந்த மகாசமாசம் தோன்றியதும் ஈண்டு நினைக்கத்தகும்.) பிறர் பள்ளியிற் பெற்ற புலமை பெற்றவன் கருத்துவழி நிற்குமேயன்றிப் பள்ளியின்வழி நில்லாது.

ஆயின் வேறொரு தடையுண்டு. அஃது எளிதின் விடுக்கப்படுவதன்று. 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கித் திருநாளைப்போவார் சரிதத்தை எளியோரும் ஓதச்செய்தவர் நாவலரே. எனினும் வருணாசிரம வரம்பைப் பேணிய அவர்தம் முயற்சி அவ்வரம்பைக் கடந்து சென்றிலது. நந்தனார் மரபினர்க்குக் கல்வியை மறுத்த கதவு ஆங்கிலேயர் கடலூருக்கு வருமுன்னரே அடைபட்டிருந்தது. பாடமொழி யாது, பாடநூல் யாருடையது என்று வினவுவோர், பள்ளியின் உள்ளே இருப்பவர் யாவர் என்று வினவாதொழிதல் எமக்கு வியப்பைத் தருகின்றது. சைவராகிய நாமும் அவ்வினாவை நெடுநாள் வினவாதிருந்தோம்.

வினவியவர் சுவாமி சகசானந்தர் (1890–1959). நாவலர் வித்தியாசாலை தோன்றிய 52 ஆண்டின் பின், 1916இல், தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட சிறார்க்காகச் சிதம்பரத்திலேயே நந்தனார் பெயரால் ஒரு பள்ளி தொடங்கினார். பின்னர்ச் சென்னைச் சட்டசபையிலும் அமர்ந்து அம்மக்கள் பொருட்டுப் பேசினார். நந்தனார் தீயிற் புக்க இடமென மக்கள் வழங்கும் ஓமக்குளத்தில் அப்பள்ளி இன்றும் அரசு மேனிலைப் பள்ளியாய் நடைபெறுகின்றது.