அரிப்பு மாத்திரையும் வாந்தி மாத்திரையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் திருத்தணியிலிருந்து திருமலைக்குப் போகிறவர்களில் பலர், பஸ் ஏறும் முன் மருந்துக்கடையில் வாந்தி மாத்திரை ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944இல் வந்தது, இரண்டாவது 1974இல். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போது வயிறும் கூடவே திரும்புகிறது. இவர்களில் சிலர் காலையில்தான் தும்மலுக்கோ உடம்பு அரிப்புக்கோ வேறொரு மாத்திரை போட்டிருப்பார்கள். கேட்டால், "அது அரிப்புக்கு சார், இது வாந்திக்கு. ரெண்டும் வேற வேற" என்பார்கள். பல நேரம் அவை வேறல்ல. ஏன் என்று தெரிய, 80 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

நம் உடலில் ஹிஸ்டமின் என்றொரு பொருள் சுரக்கிறது. தும்மல், அரிப்பு, தடிப்பு எல்லாவற்றிலும் அதன் கை உண்டு. அதை எதிர்க்கும் முதல் மருந்தை 1937இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவே குழுவினர் கண்டார்கள். அது மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவுக்கு நச்சாக இருந்தது. ஆனால் வழி திறந்துவிட்டது. போவேக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ரீவ்ஷல் டைஃபென்ஹைட்ரமைனை உருவாக்கினார். பிரான்சில் ரோன் பூலங்க் கம்பெனி 1940களில் ப்ரோமெதசினை உருவாக்கியது. இரண்டும் அலர்ஜியை அடக்கின. கூடவே நல்ல தூக்கத்தையும் கொடுத்தன.

இனிதான் சுவையான பகுதி. 1947இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லெஸ்லி கே, பால் கார்லினர் என்ற இரு மருத்துவர்கள், தோல் தடிப்புக்காக ஒரு பெண்ணுக்குப் புதிய அலர்ஜி மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த அம்மாவுக்கு டிராம் வண்டியில் ஏறினாலே குமட்டும். மருந்து சாப்பிட்ட நாட்களில் குமட்டல் வரவில்லை. மருத்துவர்கள் அதைக் கவனித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்குப் புறப்பட்ட ஜெனரல் பல்லூ என்ற படைக்கப்பலில் சிப்பாய்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். அலை மோதும் அட்லாண்டிக் கடலிலும் மருந்து நன்றாக வேலை செய்தது. அரிப்புக்கு வந்த மருந்து வாந்திக்கு மருந்தானது இப்படித்தான்.

அதன் பெயர் டைமென்ஹைட்ரினேட். அது என்ன என்று பிரித்துப் பார்த்தால் பழைய டைஃபென்ஹைட்ரமைன்தான். தூக்கத்தைக் குறைக்கலாம் என்று காபியின் உறவான ஒரு பொருளைச் சேர்த்திருந்தார்கள். அப்படியும் தூக்கம் போகவில்லை.

நம் ஊர்க் கடைகளிலும் இதே கதைதான். பெனர்கன் என்ற அலர்ஜி மருந்திலும், பயணத்துக்குப் போடும் அவோமின் மாத்திரையிலும் இருப்பது ஒரே ப்ரோமெதசின். உப்பு மட்டும் வேறு. அவில் மாத்திரையில் இருப்பது பெனிரமின். பல சளி மாத்திரைகளில் இருப்பது குளோர்பெனிரமின். இவையும் அதே குடும்பம்.

ஏன் தூக்கம் வருகிறது? பஸ் வளையும்போது உள்காதிலிருந்து மூளைக்குப் போகும் குழப்பச் செய்தியில் ஹிஸ்டமினுக்கும் பங்கு உண்டு. நம்மை விழிப்பாக வைத்திருப்பதும் மூளையில் உள்ள அதே ஹிஸ்டமின்தான். குமட்டலை அடக்க மூளைக்குள் போகும் மருந்து, விழிப்பையும் சேர்த்து அடக்குகிறது. மூளைக்குள் அதிகம் போகாத ஃபெக்சோஃபெனடின் போன்ற புதிய அலர்ஜி மாத்திரைகள் தூக்கம் தருவதில்லை. பயண வாந்திக்கு அவை உதவுவதும் இல்லை.

ஆகவே அரிப்புக்கு ஒன்று, வாந்திக்கு ஒன்று என்று போடும்போது, பல நேரம் நாம் ஒரே வேலையை இரண்டு மடங்கு செய்யச் சொல்கிறோம். இளைஞருக்கு அது ஒரு நீண்ட தூக்கம். கார் ஓட்டுபவருக்கு? நம் மலையின் 365 படிகளில் இறங்கும் 70 வயதுப் பாட்டிக்கு? முதியோருக்கு வாய் உலரும், சிறுநீர் அடைக்கும், புத்தி தடுமாறும், கால் இடறும். மதுவும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ப்ரோமெதசின் கொடுத்தால் மூச்சே அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. அதனால் அந்த வயதில் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை 2004இல் கடும் எச்சரிக்கை போட வைத்தது. நம் நாட்டிலும் 2023 டிசம்பரில், குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அட்டையில் அச்சிட உத்தரவு வந்தது.

மெட்டோகுளோப்ரமைடு என்ற வாந்தி மருந்து வேறு குடும்பம். ஆனால் அதையும் ப்ரோமெதசினையும் சேர்த்தால் சிலருக்குக் கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்ளும். இரண்டுமே மூளையில் டோபமினைத் தடுப்பதால் வரும் வினை இது. மருத்துவர் அளவறிந்து இரண்டு மருந்தைச் சேர்த்துத் தருவது வேறு. நாமாகச் சேர்ப்பது வேறு.

1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் ஜி அட்டவணை என்று ஒன்று உண்டு. அலர்ஜி மருந்துகள் அதில் இருக்கின்றன. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் உட்கொள்வது ஆபத்து என்று அட்டையிலேயே எழுத வேண்டும் என்பது விதி. நாம் கடையில் தமிழில் கேட்டாலும் தெலுங்கில் கேட்டாலும், அந்த வரி சின்ன ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

என் மாணவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை வீட்டில் பெரியவர்கள் பயணம் புறப்படும்போது, அவர்கள் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை வாங்கி, பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே உள்ள சின்ன எழுத்துப் பெயரைப் படியுங்கள். மருந்துக்கடையில் வாந்தி மாத்திரை கேட்கும்போது, "காலையில் இதைப் போட்டிருக்கிறார்" என்று அந்த அட்டையைக் காட்டுங்கள். படிக்கக் கற்றுக்கொண்டது இதற்கும்தானே.

நலமாகப் போய் வாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.