கொடைக்கானலுக்கு வந்த வெளிச்சம்

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் நாள்தோறும் சூரியனைக் கண்ணாடித் தகட்டில் படம்பிடித்து வந்தார்கள். அந்தத் தகட்டை அச்சுப் போட்டால் சூரியன் சின்ன சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும். அதன்மேல் மை தெறித்ததுபோலக் கரும்புள்ளிகள். ஒரு புள்ளியை உற்றுப் பார்த்தால் நடுவே அடர்கருப்பு. அதைச் சுற்றி இழை இழையாகச் சாம்பல் நிறம்.

தகட்டில் விழுந்த அந்த வெளிச்சம் புறப்பட்டது சூரியனின் அடிவயிற்றிலிருந்து. அங்கே சூடு ஒன்றரைக் கோடி டிகிரி. ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகும்போது பிறக்கும் சக்தியால் நேராக வெளியே வர முடியாது. தேர்க்கூட்டத்தில் அகப்பட்ட பிள்ளையைப் போல முட்டி, மோதி, விழுங்கப்பட்டு, மறுபடி உமிழப்பட்டு மேற்பரப்பை எட்டுவதற்குள் பல்லாயிரம் வருஷங்கள், ஒரு லட்சத்துக்கும் மேலேகூட ஆகலாம் என்று கணக்கிடுகிறார்கள். வெளியே வந்துவிட்டால் மீதி 15 கோடி கிலோமீட்டருக்கு எட்டு நிமிஷம் இருபது விநாடி போதும். இதைப் படித்த நாளிலிருந்து ‘இன்றைய வெயில்’ என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

புறப்படும் வாசலிலேயே ஒரு தடை. சூரியனின் காந்தப்புலம் வலுத்த இடங்களில், கீழிருந்து மேலேறும் சூடு அடைபடுகிறது. அந்த இடங்கள் மங்கித் தெரிவதைத்தான் கரும்புள்ளி என்கிறோம். ஏறத்தாழ 11 வருஷத்துக்கு ஒருமுறை இவை பெருகிக் குறைகின்றன. புள்ளிகள் கூடினால் சூரியன் மங்கவேண்டுமே என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. புள்ளிகளோடு கூடவே பளிச்சென்ற திட்டுகளும் பெருகி, இழப்பைவிட அதிகமாக ஈடுகட்டிவிடுகின்றன. நம் காற்றுமண்டலத்தின் மேல்விளிம்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட் வந்து சேர்கிறது. 11 வருஷச் சுழற்சியில் அது ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரே ஒரு வாட்.

இந்தப் புள்ளிகளின் ஏற்றஇறக்கத்தை நம்பியும்தான் அந்த ஆய்வகம் எழுந்தது. 1876-78இல் சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடியது, லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். கரும்புள்ளிக்கும் மழைக்கும் தொடர்பு உண்டு என்று பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஹண்டர் 1877இல் எழுதினார். சூரியனைப் படித்துவிட்டால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற ஆசையும் சேர்ந்துதான் 1899இல் கொடைக்கானல் ஆய்வகம் உருவானது. பத்தே வருஷத்தில், 1909இல், கரும்புள்ளிக்குள் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் அங்கே கண்டுபிடித்தார். மழைக்கான சாவி மட்டும் கிடைக்கவில்லை. ஆனாலும் பசியால் செத்தவர்களை நினைத்துச் சூரியனைப் பார்க்கத் தொடங்கினார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சூரியனின் அந்தச் சின்ன ஏற்றஇறக்கத்தைவிட, நம்மைச் சுடுவதில் பெரும்பங்கு வெளிச்சம் எங்கே, எந்தச் சாய்வில் வந்து விழுகிறது என்பதற்குத்தான். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, ஜூலையில் 15.2 கோடிக்கு விலகிவிடுகிறது. ஜூலையில் வந்துசேர்வது ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. இருந்தும் உலகச் சராசரி வெப்பநிலை உச்சம் தொடுவது ஜூலையில்தான். அப்போது சூரியனைப் பார்த்துச் சாய்ந்திருப்பது வடபாதி; அங்கே நிலம் அதிகம்; நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். நம் ஊரையே பாருங்கள். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சிவெயில் நிழலே விழாமல் தலைக்கு நேரே இறங்கும். உடம்பை உருக்கும் கத்தரியோ மே மாதத்தில்தான். வாங்கிய சூட்டைத் தரை சேர்த்துவைத்துத்தான் தருகிறது.

வருகிற வெளிச்சத்தில் நூற்றில் முப்பது பங்கை மேகமும் பனியும் மணலும் தூசியும் வந்த வழியே திருப்பிவிடுகின்றன. 1991இல் பிலிப்பைன்ஸின் பினதுபோ எரிமலை மேலடுக்குக் காற்றில் கந்தகப் புகையைக் கொட்டியபோது, உலகமே கிட்டத்தட்ட அரை டிகிரி குளிர்ந்தது. கரும்புள்ளிச் சுழற்சி முழுவதும் சேர்ந்து உண்டாக்கும் மாற்றமோ சுமார் 0.1 டிகிரிதான்.

1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனை இடைவிடாமல் அளந்து வருகின்றன. வரத்து கூடவில்லை, பூமி மட்டும் சூடேறுகிறது. சூரியன்தான் காரணமென்றால் காற்றுமண்டலத்தின் மேலடுக்கும் சூடாகியிருக்க வேண்டும். ஆனால் அது குளிர்ந்திருக்கிறது. கீழே உள்ள சூட்டை வெளியேற விடாமல் பிடித்துவைப்பது நாம் எரித்த நிலக்கரியும் பெட்ரோலும் விட்ட கரியமிலவாயு. இதை அறிந்தபிறகும் சூரியன்மேல் பழி போடுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

மே மாத இரவு ஒன்பது மணிக்கு மொட்டைமாடித் தரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மாலையில் ஊற்றிய தண்ணீர் எப்போதோ உலர்ந்திருக்கும். தரை இன்னும் கதகதக்கும். பகலில் வந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாகி மேலே கிளம்பிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு பங்கு விண்வெளிக்குத் தப்பும். மறுபங்கைப் பிடித்துக் காற்று நம் பக்கமே திருப்பும்.